அத்தியாயம் 6: வட்டத்தை வெட்டி அடுக்குதல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காணொளியைத்தான் செய்யப்போகிறோம். ஒன்றரை நிமிடம் ஓடும். வட்டத்தின் பரப்பளவு ஏன் பை × ஆரம் × ஆரம் என்று வருகிறது என்பதே பொருள். வட்டத்தைக் கீற்று கீற்றாக வெட்டி, ஒன்றை நிமிர்த்தி ஒன்றைக் கவிழ்த்து அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் கிடைக்கும். காகிதமும் கத்தரிக்கோலும் கொண்டு செய்யும் செயல்பாடாகப் பள்ளிப் பாடநூல்களில் இது இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் லீலாவதி என்ற பழைய கணித நூலுக்கு உரை எழுதிய கணேச தைவக்ஞரும் வட்டத்தை ஊசி ஊசியாக நறுக்கிக் கோத்துக் காட்டும் இந்த வழியைச் சொல்லியிருக்கிறார். ஆக, கருத்து பழையது. கத்தரிக்கோல் 16 துண்டுக்கு மேல் ஒழுங்காகப் போகாது, கணினி 64 துண்டுக்கும் சளைக்காது என்பதுதான் நமக்குக் கூடுதலாகக் கிடைத்த வசதி.

துண்டுகளை அடுக்கி வைத்த கடைசிப் படத்தைப் பாடநூலே அச்சடித்துத் தந்துவிடுகிறது. அந்தத் துண்டுகள் வட்டத்திலிருந்து கிளம்பி வரிசைக்கு வந்து சேரும் வழியை அச்சில் காட்ட முடியாது. அதற்காகத்தான் நாம் நிரல் எழுதுகிறோம். ஆகவே அந்த வழி சரியாக இருக்க வேண்டும். கணிதக் காணொளியில் ஒவ்வொரு அசைவும் ஒரு கூற்று. வாயால் பொய் சொல்லாத ஆசிரியர், திரையில் ஒரு துண்டை நகர்த்தும்போது தெரியாமல் பொய் சொல்லிவிட முடியும். நான் சொல்லியிருக்கிறேன். அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முந்தைய அத்தியாயங்களில் நிறுவிய மேனிம்தான் இங்கும் கருவி. 2015இல் 3புளூ1பிரவுன் யூடியூப் சேனலைத் தொடங்கிய கிராண்ட் சாண்டர்சன், தன் காணொளிகளுக்காகவே பைத்தானில் எழுதிக்கொண்ட லைப்ரரி அது. 2020இல் ஆர்வலர்கள் அதிலிருந்து தனிக் கிளை பிரித்து, ஆவணங்களைச் சீராக எழுதிப் பராமரித்துவருவது மேனிம் கம்யூனிட்டி. நாம் பயன்படுத்துவது இந்தக் கிளையை. சாண்டர்சன் தன் வேலைக்கு வைத்திருப்பதை மேனிம்ஜிஎல் என்கிறார்கள். இரண்டையும் பொதுவாக மேனிம் என்றே சொல்வதால், இணையத்தில் கிடைக்கும் நிரலை அப்படியே ஒட்டினால் பல சமயம் ஓடாது. ஒரு வடிவம் வரையப்படுவதைக் காட்ட இங்கே 'கிரியேட்', அங்கே 'ஷோ கிரியேஷன்'. பிழைச் செய்தி வந்தால் உங்கள் நிரலைச் சந்தேகிக்கும் முன், அந்த வரி எந்தக் கிளைக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள்.

முதலில் குரல்

நிரல் எழுத உட்காரும் முன் பேச்சைப் பதிவு செய்துவிடுங்கள். அசைவுகளை முதலில் செய்துவிட்டு அதன் மேல் பேச முயன்றால் பேச்சு மூச்சிரைக்க ஓடும், இல்லையேல் நிரப்புவதற்காக வளவளக்கும். செல்போனில் பதிவு செய்தால்கூடப் போதும். பதிவான ஒலியைக் கேட்டு ஒவ்வொரு வாக்கியமும் எத்தனை வினாடி எடுக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள்தான் நிரலில் 'ரன் டைம்' என்ற இடத்தில் போய் உட்காரும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் மேனிம் பெரும்பாலான அசைவுகளுக்கு 1 வினாடிதான் கொடுக்கும். பார்ப்பவர் வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கக்கூட அது போதாது.

இந்தக் காணொளிக்கு நான் எழுதிய பேச்சின் நடுப்பகுதி இது: "எட்டுத் துண்டாக வெட்டுகிறேன். ஒன்று நீலம், அடுத்தது ஆரஞ்சு. நீலத் துண்டுகள் கூர்முனையைக் கீழே வைத்து நிற்கட்டும். ஆரஞ்சுத் துண்டுகள் கவிழ்ந்து இடைவெளிகளை நிரப்பட்டும். எதையும் நீட்டவில்லை, சுருக்கவில்லை. இடம் மட்டும்தான் மாறுகிறது." இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை நினைவில் வையுங்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

பேசுவதையே திரையில் எழுத்தாகவும் போட வேண்டாம். சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வந்தால் நன்றாக மனதில் நிற்கிறது, ஆனால் பேசும் அதே வாக்கியம் எழுத்தாகவும் ஓடினால் கற்றல் குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கண் வாசிக்கப் போய்விட்டால் துண்டு நகர்வதைப் பார்க்க ஆளில்லை. காது கேளாதவர்களுக்குத் துணைவரிகள் தேவை. அதை யூடியூபின் துணைவரி வசதியில், வேண்டியவர் இயக்கிக்கொள்ளும்படி தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

மேடையும் துண்டுகளும்

மேனிமின் திரை 8 அலகு உயரம், 14.22 அலகு அகலம். நடுப்புள்ளி சுழியம். வட்டத்தின் ஆரத்தை 1.5 என்று வைத்து, மையத்தை நடுவிலிருந்து 2 அலகு மேலே ஏற்றுங்கள். கீழ்ப்பாதி முழுவதும் துண்டுகள் வந்து அடுக்கப்பட வேண்டிய இடம். துண்டுகள் கிளம்பிய பிறகும் வட்டத்தின் கோட்டை மங்கலாக அங்கேயே விட்டுவையுங்கள். எங்கிருந்து வந்தோம் என்பது கடைசிவரை கண்ணில் பட வேண்டும்.

வட்டக்கோணப்பகுதியை வரைய 'செக்டர்' என்ற வகுப்பு இருக்கிறது. தொடங்கும் கோணம், விரியும் கோணம், ஆரம் மூன்றும் கொடுத்தால் போதும். 8 துண்டு என்றால் ஒவ்வொன்றும் 45 பாகை. நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்று நீலமும் ஆரஞ்சுமாக இருந்தால், வட்டத்தின் சுற்றளவில் சரிபாதி நீலம், சரிபாதி ஆரஞ்சு. அடுக்கிய பிறகு மேல்விளிம்பு முழுக்க நீல வில்கள், கீழ்விளிம்பு முழுக்க ஆரஞ்சு வில்கள். செவ்வகத்தின் நீளம் முழுச் சுற்றளவா, பாதியா என்று பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் நிறமே பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்து வானவில் போலச் செய்த காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பதில் மட்டும் தொலைந்துபோகிறது.

இனிக் கணக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் தெரிய வேண்டியவை இரண்டு: அதன் கூர்முனை எங்கே போக வேண்டும், அது எந்தத் திசை பார்க்க வேண்டும். நீலத் துண்டின் நடுக்கோடு நேர் மேலே பார்க்க வேண்டும், அதாவது 90 பாகை. ஆரஞ்சின் நடுக்கோடு நேர் கீழே, 270 பாகை. நீலத்தின் கூர்முனை கீழ்வரிசையில் இருக்கும். அதன் வலப்பக்க விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கே அடுத்த ஆரஞ்சின் கூர்முனை. துண்டின் பாதிக் கோணம் 22.5 பாகை என்பதால், ஒரு கூர்முனையிலிருந்து அடுத்த கூர்முனை கிடைவாட்டில் 1.5 × சைன் 22.5, அதாவது 0.574 அலகு தள்ளி இருக்கும். உயரத்தில் 1.5 × கொசைன் 22.5, அதாவது 1.386 அலகு. துண்டுகளின் எண்ணிக்கையை ஒரு மாறியாக வைத்து, இந்த இரண்டு கணக்கையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுங்கள். பிறகு 8 என்பதை 64 என்று மாற்றினால் எல்லாம் தானே மாறும்.

இங்கே எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. மேனிமில் ஒரு பொருளைச் சுழற்று என்றால், அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு அந்தப் பெட்டியின் நடுவைப் பிடித்துத்தான் சுழற்றும். துண்டின் கூர்முனையைப் பிடித்துச் சுழற்றாது. துண்டுகள் வரிசையில் வந்து நிற்கும்போது ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் பல் விழுந்த சீப்பு மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். 'அபவுட் பாயின்ட்' என்று கூர்முனையின் இடத்தைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

நடுவழியில் சுருங்கிய துண்டு

என் முதல் வடிவத்தில் நான் செய்தது, யாரும் முதலில் செய்வது. வட்டத்தில் இருக்கும் துண்டுகள் ஒரு தொகுப்பு, வரிசையில் இருக்கும் துண்டுகள் இன்னொரு தொகுப்பு. 'டிரான்ஸ்ஃபார்ம்' என்று ஒரே வரி. ஓட்டினேன், அழகாகப் பறந்துபோய் உட்கார்ந்தன. பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை ஓடும்போது அவள் கேட்டாள்: "மாமா, இந்தத் துண்டு ஏன் நடுவுல சின்னதாகி மறுபடியும் பெருசாகுது?"

நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. "எதையும் நீட்டவில்லை, சுருக்கவில்லை" என்று என் குரல் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நொடியில், திரையில் ஒரு நீலத் துண்டு சுருங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாகத் திரும்ப வேண்டிய துண்டு ஒன்று பாதி வழியில் வெறும் புள்ளியாகி மறைந்து, மறுபடி முளைத்து வந்தது.

காரணம் எளிது. டிரான்ஸ்ஃபார்ம் துண்டை ஒரு துண்டாகப் பார்ப்பதில்லை. அதன் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நேர்கோட்டில் இழுத்துச் செல்கிறது. திரும்ப வேண்டிய பொருளின் புள்ளிகள் நேர்கோட்டில் போனால் அவை நடுவே குறுக்குவழியில் நெருங்கிவிடும். பாதி வழியில் துண்டின் அளவு, திரும்பும் கோணத்தில் பாதியின் கொசைன் மடங்காகிறது. 90 பாகை திரும்பும் துண்டு பாதி வழியில் 0.707 அளவுக்குச் சுருங்கும். அதன் பரப்பு சரிபாதி. 120 பாகை என்றால் பரப்பு கால்வாசி. 180 பாகை என்றால் ஒன்றுமே இல்லை. பரப்பு மாறவில்லை என்று நிறுவுவதற்காகச் செய்த படத்தில் பரப்பு மாறிக்கொண்டிருந்தது. பொருளின் பெயருக்குப் பின்னால் 'அனிமேட்' என்று போட்டு, அதன் பின் சுழற்றச் சொன்னாலும் இதேதான் நடக்கும். அதுவும் தொடக்கநிலைக்கும் முடிவுநிலைக்கும் நடுவே நேர்கோட்டில்தான் போகிறது.

கடைசிப் படம் சரிதானே, நடுவில் அரை வினாடி எப்படி இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நம் பேச்சைவிடக் குழந்தை தன் கண்ணை நம்புகிறது. நம்பத்தான் வேண்டும்.

சரிசெய்ய இரண்டு வழி. டிரான்ஸ்ஃபார்முக்கு 'பாத் ஆர்க்' என்ற கோணம் ஒன்றைக் கொடுக்கலாம். அப்போது புள்ளிகள் நேர்கோட்டை விட்டு வில்லில் போகும். அந்தத் துண்டு உண்மையில் எத்தனை பாகை திரும்புகிறதோ, அதே கோணத்தைத் துல்லியமாகக் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மையத்தைச் சுற்றுவதால் துண்டு உருக்குலையாது. ஆனால் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு கோணம் திரும்புகிறது. ஆகவே தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மொத்தத் தொகுப்புக்கும் ஒரே கோணத்தைக் கொடுத்தால் பழைய கதைதான்.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழியை. 'வேல்யூ டிராக்கர்' என்பது திரையில் தெரியாத ஓர் எண். அதை 0 முதல் 1 வரை நகர்த்துகிறோம், அதைப் பயணத்தின் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு துண்டையும் புதிதாக வரையச் சொல்லுங்கள், அதற்கு 'ஆல்வேஸ் ரீடிரா' இருக்கிறது. கூர்முனை, தொடங்கிய இடத்துக்கும் சேருமிடத்துக்கும் நடுவே அந்தப் பங்கு தூரத்தில். நடுக்கோட்டின் கோணம், தொடங்கிய கோணத்திலிருந்து திரும்ப வேண்டிய அளவில் அதே பங்கு. ஆரம் எப்போதும் 1.5. விரிவுக் கோணம் எப்போதும் 45 பாகை. எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் திரையில் இருப்பது அதே துண்டு. சுருங்குவதற்கு நிரலில் வழியே இல்லை. திரும்பும் அளவை மட்டும் 180 பாகைக்கு மேல் போகாமல் குறுக்குத் திசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில துண்டுகள் தேவையில்லாமல் ஊரைச் சுற்றி வரும்.

லூப்புக்குள் ஆல்வேஸ் ரீடிராவை எழுதும்போது, துண்டின் வரிசை எண்ணை அந்தச் சிறு ஃபங்ஷனுக்கு அப்போதே கொடுத்துப் பூட்டிவிட வேண்டும். பைத்தானின் வழக்கப்படி லூப் முடிந்த பின் எல்லா ஃபங்ஷனும் கடைசி எண்ணையே பார்க்கும். 8 துண்டும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் அதுதான் குற்றவாளி.

எட்டிலிருந்து அறுபத்து நான்கு

எட்டுத் துண்டில் நிதானமாக நில்லுங்கள். முதல் நீலம் இறங்கி உட்காரட்டும், அடுத்த ஆரஞ்சு கவிழ்ந்து அதன் தோளில் சாயட்டும். இந்த இரண்டையும் தனித்தனியாகக் காட்டிவிட்டு மீதி ஆறையும் சிறிய தாமதத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புங்கள். 16க்கு வரும்போது எல்லாம் ஒன்றாகக் கிளம்பலாம், 3 வினாடி. 32, 64 இரண்டும் தலா 2 வினாடி. விதி புரிந்துவிட்டதால் பார்ப்பவர் இனித் தனித்துண்டைத் தேட மாட்டார். ஆனால் 32 வரிசையை மங்கச் செய்து 64 வரிசையைத் தோன்றச் செய்யும் குறுக்குவழி வேண்டாம். ஒவ்வொரு முறையும் வட்டத்தில் வெட்டு விழுவதும், அங்கிருந்தே துண்டுகள் வருவதும் தெரிய வேண்டும். படம் மங்கித் தெளிந்தால் இதுவும் அதே வட்டம்தான் என்பதற்குச் சாட்சி இல்லை.

வரிசையின் நீளத்தை ஓர் எண்ணாகக் கீழே ஓடவிடுங்கள், 'டெசிமல் நம்பர்' என்ற பொருள் அதற்கென்றே இருக்கிறது. 8 துண்டில் 4.592, 16இல் 4.682, 32இல் 4.705, 64இல் 4.710. பாதிச் சுற்றளவு, அதாவது பை × 1.5, 4.712. எண் அந்த இடத்தை நோக்கி ஏறி ஏறித் தயங்குவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, எல்லை என்ற சொல்லைக் கேட்கும் முன்பே எல்லை என்றால் என்னவென்று ஓர் உணர்வு வந்துவிடும். வரிசை இணைகரமாகச் சாய்ந்திருக்கிறதே என்று கடைசித் துண்டைப் பாதியாக வெட்டி முன்னால் ஒட்டும் வழக்கம் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. சாய்வு 8 துண்டில் 0.574 அலகு, 64இல் 0.074. தானாகவே மறைவதை நாம் ஏன் வெட்டி ஒட்ட வேண்டும்?

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, அதைத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது. இதே வித்தையைக் கோளத்துக்குச் செய்து பாருங்கள். கோளத்தின் மேல்தோலை ஆரஞ்சுத் தோல் போலத் துருவத்திலிருந்து நடுக்கோடு வரை கீற்றுகளாக உரித்து, தட்டையாக்கி, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் கோத்தால் செவ்வகம் வருவது போலத்தான் தெரியும். நீளம் 2 × பை × ஆரம், உயரம் அதன் காற்பங்கு. பெருக்கினால் பை × பை, அதாவது 9.87 மடங்கு ஆரத்தின் வர்க்கம். உண்மையான விடை 4 × பை, 12.57 மடங்கு. தவறான படமும் சரியான படத்தைப் போலவே கண்ணைக் கவர்கிறது. சாண்டர்சனே 2022இல், காட்சி நிரூபணங்களால் எப்படி ஏமாற்றலாம் என்று ஒரு காணொளி செய்து, இந்தக் கோளத்தைத்தான் முதல் எடுத்துக்காட்டாக வைத்தார்.

வட்டத்தில் நியாயமாக இருப்பது கோளத்தில் எங்கே கெட்டது? விளிம்பில். வட்டத் துண்டின் பக்கங்கள் ஆரங்கள், உண்மையான நேர்கோடுகள். நீலத்தின் விளிம்பும் ஆரஞ்சின் விளிம்பும் இடைவெளியோ மேலேறலோ இல்லாமல் ஒட்டுகின்றன. குறை இருப்பது மேலும் கீழும் புடைத்த வில்களில் மட்டும். துண்டு பெருகப் பெருக அந்தப் புடைப்பு கரைகிறது. கோளத்தின் கீற்றோ தட்டையாக்கினால் பக்கங்கள் வெளியே வளைந்து நிற்கும். அவற்றைக் கோத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எத்தனை கீற்றாக வெட்டினாலும் அந்த ஏறல் தீராது.

ஆகவே நம் காணொளியில் கேமரா ஒருமுறை நெருங்கிப் போக வேண்டிய இடம், நீலமும் ஆரஞ்சும் ஒட்டும் அந்த விளிம்புதான். 'மூவிங் கேமரா சீன்' என்ற வகுப்பில் காட்சியை எழுதினால் திரைச் சட்டத்தையே ஒரு பொருள் போல நகர்த்தவும் சுருக்கவும் முடியும். 8 துண்டு அடுக்கி முடிந்ததும் ஒரு விளிம்பை நோக்கி 2 வினாடி நெருங்கி, 3 வினாடி அங்கேயே நின்று, "இரண்டும் ஆரம், இரண்டும் நேர்கோடு, அதனால் இடைவெளி இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இந்த 7 வினாடிக்காக வேறு எதை வெட்டினாலும் தகும். தொடக்கத்தில் சுழலும் உங்கள் சேனல் முத்திரையை முதலில் வெட்டுங்கள்.

தமிழ் எழுத்து

சூத்திரங்களை மேனிம் லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் வழியாக அச்சிடுகிறது. அதன் இயல்பான அமைப்பில் தமிழ் வராது. தமிழை 'டெக்ஸ்ட்' என்ற பொருளில் எழுதுங்கள். அது பாங்கோ என்ற எழுத்துக்கோப்பு நிரலைப் பயன்படுத்துவதால் யூனிக்கோடு தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள். எழுத்துருவின் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், குறிப்பிடாவிட்டால் கணினிக்குக் கணினி வேறு வடிவம் வரும். யூனிக்கோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் யூனிக்கோடுக்கு மாற்றிய பிறகே நிரலில் ஒட்ட வேண்டும்.

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட பாடங்களில், சொல்லின் முதல் எழுத்தை எடுத்து நிறம் மாற்று என்பார்கள். தமிழில் அது வேலைக்காகாது. 'கோணம்' என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிக்கோடில் ஐந்து குறி. திரையில் வரையப்படும் வடிவங்களோ வேறு கணக்கு: இரட்டைக்கொம்பு, க, கால், ண என்று போகும். முதல் வடிவத்துக்குச் சிவப்பு கொடுத்தால் கொம்பு மட்டும் சிவக்கும். நிறம் மாற வேண்டிய சொல்லைத் தனி டெக்ஸ்ட் பொருளாக எழுதி, பக்கத்தில் அடுக்கிவிடுவதே நிம்மதி. 'ரைட்' அசைவில் மட்டும் இந்த வரிசை நமக்கு நன்மை. கொம்பு முதலில், எழுத்து அடுத்து, கால் கடைசியில் என்று, நாம் கையால் எழுதும் வரிசையிலேயே எழுதிக் காட்டும்.

இன்னொன்று, சின்னது, ஆனால் கண்ணை உறுத்துவது. 'பரப்பு' என்ற சொல்லுக்கு வலப்பக்கம் சூத்திரத்தை வை என்றால், மேனிம் இரண்டின் நடு உயரங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். 'ப்'பின் புள்ளி மேலே ஏறுகிறது, 'பு'வின் வால் கீழே இறங்குகிறது. வால் இறங்கும் அளவுக்கும் புள்ளி ஏறும் அளவுக்கும் ஏற்ப, சூத்திரம் கோட்டை விட்டு ஏறியோ இறங்கியோ நிற்கும். சொல்லின் முதல் வடிவமான 'ப' சரியாகக் கோட்டின் மேல் உட்காரும் எழுத்து. அதன் அடிமட்டத்தோடு சூத்திரத்தின் சமக்குறிக்குப் பின்வரும் எழுத்தின் அடிமட்டத்தைப் பொருத்தினால் வரி நேராகிவிடும்.

ரெண்டர்

வேலை நடக்கும்போதெல்லாம் குறைந்த தரத்தில் ஓட்டுங்கள்: உயரம் 480 பிக்சல், வினாடிக்கு 15 ஃபிரேம். ஒன்றரை நிமிடக் காணொளிக்கு 1,350 படங்கள். வெளியிடும் தரமான 1080 பிக்சல், 60 ஃபிரேமில் 5,400 படங்கள், ஒவ்வொன்றும் பெரியது. 64 துண்டும் ஒவ்வொரு படத்திலும் புதிதாக வரையப்படுவதால் கடைசிப் பகுதிக்குப் பொறுமை தேவை. வெட்டுதல், 8 துண்டு, மீதி எண்ணிக்கைகள், சூத்திரம் என்று நான்கு தனிக் காட்சிகளாக எழுதிப் பிறகு ஒட்டிக்கொண்டால் ஒன்றைத் திருத்த எல்லாவற்றையும் ஓட்ட வேண்டியதில்லை. துண்டுகள் உட்காரும் இடத்தை மட்டும் சரிபார்க்க, கடைசிப் படத்தை மட்டும் சேமிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பதிவேற்றும் முன் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். நடுவழியில் பத்து இடத்திலாவது நிறுத்தி, அந்தப் படம் மட்டும் தனியாக நின்றாலும் உண்மைதானா என்று பாருங்கள். பிறகு ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்தத் துண்டு எங்கே போனது என்று அந்தப் பிள்ளை திரையில் விரல் வைத்துக் காட்டட்டும். விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நிரலை மறுபடி திறங்கள்.